கதைக்கேல்லை, கதைக்கிறேல்லை: உயர்தர மாணவியரின் நட்பு பற்றிய ஒரு நேர்காணல் நிகழ்வு ஆய்வு

சாதாரண தரப் பெறுபேறு வந்து உயர்தர வகுப்பு தொடங்கும்போது, யாழ்ப்பாணத்துப் பாடசாலைகளில் ஆறாம் தரத்திலிருந்து ஒரே வாங்கில் இருந்தவர்கள் பிரிகிறார்கள். ஒருத்தி உயிரியல், ஒருத்தி கணிதம், மற்றவள் வர்த்தகம் அல்லது கலை. 2013இலிருந்து தொழில்நுட்பப் பிரிவும் உண்டு. பாடசாலை மாறாவிட்டாலும் கட்டடம் மாறும், ரியூசன் நேரம் மாறும், வீட்டுக்குப் போகும் நேரம் மாறும். இதற்குப் பிறகு அந்த நட்புக்கு என்ன நடந்தது என்று மாணவியரே எப்படிச் சொல்கிறார்கள்? பட்டப்படிப்பு ஆய்வுக்குப் பலர் விரும்பி எடுக்கும் கேள்வி இது. நல்ல கேள்வி, ஆனால் பலமுறை வீணாகும் கேள்வியும்கூட. மாதக்கணக்கில் உழைத்து, கடைசியில் ‘நம்பிக்கை’, ‘உதவி’, ‘சண்டை’, ‘பிரிவு’ என்று நான்கு கருப்பொருள்களோடு அறிக்கை வரும். நேர்காணலுக்குக் கொண்டுபோன கேள்விப் பட்டியலை எடுத்துப் பார்த்தால், அதிலும் அதே நான்கு தலைப்புகள் இருக்கும். மாணவியர் சொன்னது எங்கோ தொலைந்துபோயிருக்கும்.

அது எங்கே தொலைகிறது என்பதைக் காட்டவே இந்த நிகழ்வு. இது பயிற்சிக்காக நாங்கள் அமைத்தது. தரம் 12இல் படிக்கும் 10 மாணவியர், ஆய்வாளர்கள் இருவர் என்ற அமைப்பும், கீழே வரும் பேச்சுப் பகுதிகளும் விளக்கத்துக்காக எழுதப்பட்டவை. எந்த மாணவியின் சொந்தக் கூற்றும் இதில் இல்லை.

பத்துப் பேர் போதுமா

பரீட்சகர்கள் முதலில் கேட்பது இதைத்தான். பலர் ‘12 பேர்’ என்று பதில் வைத்திருப்பார்கள். அந்த எண் 2006இல் கெஸ்ட், பன்ஸ், ஜோன்சன் ஆகியோர் வெளியிட்ட கட்டுரையிலிருந்து வந்தது. கானாவிலும் நைஜீரியாவிலும் பெண்களிடம் எடுத்த 60 நேர்காணல்களை வைத்து, 12ஆவது நேர்காணலுக்குப் பிறகு புதிய குறியீடுகள் (பேச்சின் பகுதிகளுக்கு ஆய்வாளர் இடும் சிறு பெயர்கள்) மிகக் குறைவாகவே வந்தன என்று அவர்கள் காட்டினார்கள். அங்கே எல்லோரிடமும் ஏறத்தாழ ஒரே கேள்விகள் கேட்கப்பட்டன. பங்குபற்றியவர்களும் ஓரளவு ஒத்த நிலையினர். இந்த நிபந்தனைகளை விட்டுவிட்டு எண்ணை மட்டும் தூக்கிவரக் கூடாது. எங்கள் நிகழ்வில் கேள்வி ஒடுக்கமானது: ஒரு பாலார், ஒரு தரம், ஒரு திருப்புமுனை. ஒவ்வொருவரிடமும் 45 முதல் 60 நிமிடம், மூன்று வாரம் கழித்து 20 நிமிடம் இரண்டாவது சந்திப்பு. இந்த ஆழத்துக்குப் பத்துப் பேர் தாங்கும். இருபது பேரிடம் பதினைந்து நிமிடம் கேட்பதைவிட இது எவ்வளவோ மேல்.

தெரிவு செய்யும்போது ஒரு கவனம் வேண்டும். ‘நல்ல பிள்ளைகளாகத் தாருங்கோ’ என்று வகுப்பாசிரியரிடம் கேட்டால் மாணவத் தலைவிகள் பத்துப் பேர் வந்து நிற்பார்கள். எல்லாப் பிரிவுகளிலிருந்தும், பக்கத்தில் இருந்து நடந்து வருபவர், தீவகத்திலிருந்து பஸ்ஸில் வருபவர், ஐந்தாம் தரப் புலமைப்பரிசிலில் தேறி இடையில் வந்து சேர்ந்தவர் என்று வேறுபாடு தெரியும்படி ஆய்வாளரே தெரிய வேண்டும்.

சம்மதம்

தரம் 12 மாணவியரில் பெரும்பாலோர் 18 வயதுக்கு உட்பட்டவர்கள். நெறிமுறைக் குழுவின் அனுமதி, வலயக் கல்விப் பணிமனையின் அனுமதி, அதிபரின் அனுமதி, பெற்றோரின் எழுத்துச் சம்மதம் எல்லாம் முடிந்த பிறகும் மாணவியின் சம்மதம் மிச்சமிருக்கிறது. ‘அதிபர் சொன்னவர்’ என்று வந்து இருப்பவள் சம்மதித்தவள் ஆகமாட்டாள். ஒலிப்பதிவு தொடங்குமுன், யாரும் பக்கத்தில் இல்லாதபோது, ‘இப்ப வேண்டாமெண்டாலும் பரவாயில்லை, காரணம் சொல்லத் தேவையில்லை, நான் ஒருத்தரிட்டயும் சொல்லமாட்டன்’ என்று சொல்லி, பதிலுக்குக் காத்திருக்க வேண்டும்.

இரகசியத்தின் எல்லையையும் அப்போதே சொல்ல வேண்டும். யாராவது அவளுக்குத் தீங்கு செய்வதாகத் தெரிந்தால் அதை மறைக்க முடியாது. சிறுவர் பாதுகாப்புக்கான 1929, மனநல உதவிக்கான 1926 ஆகிய இரு இலக்கங்களும் அச்சிட்ட சின்ன அட்டையை எல்லோருக்கும் கொடுக்க வேண்டும். அழுதவளுக்கு மட்டும் கொடுத்தால் அது அவளை அடையாளம் காட்டிவிடும்.

இடம், இருக்கை, அழைக்கும் முறை

வீட்டு விறாந்தை வேண்டாம். அம்மா தேத்தண்ணி கொண்டு வருவார், பிறகு கோப்பை எடுக்க வருவார், இரண்டு முறையும் பேச்சு நின்றுவிடும். அதிபர் அலுவலகத்துப் பக்க அறையும் வேண்டாம். நூலகத்தின் மூலை, பாடசாலை விட்டபின் காலியாகும் வகுப்பறை நல்லது. மின்விசிறியை நிறுத்த முடியாவிட்டால் ஒலிப்பதிவுக் கருவியை அதன் கீழ் வைக்காதீர்கள். மடித்த கைலேஞ்சியின் மேல் வையுங்கள்; மேசையைத் தட்டும் ஓசை ஏறாது. இரண்டு கருவிகளில் பதிவு செய்யுங்கள். கைப்பேசியென்றால் விமானப் பயண நிலையில். கோயில் திருவிழாக் காலத்தில் ஒலிபெருக்கி எத்தனை மணிக்குத் தொடங்கும் என்று முன்கூட்டியே கேட்டு வையுங்கள். நல்லூர்த் திருவிழா 25 நாள். அந்த நாள்களில் அயலில் நேர்காணல் வைப்பது வீண்.

மேசைக்கு எதிரெதிரே இருந்தால் அது வாய்மொழிப் பரீட்சை போலாகிவிடும். மேசை மூலையின் இரு பக்கங்களிலும் இருங்கள். அழைக்கும் முறை இதைவிடப் பெரிய விசயம். மாணவி ‘மிஸ்’ என்று தொடங்கினால் அதற்குப் பிறகு வருவதெல்லாம் மிஸ்ஸுக்குச் சொல்லக்கூடிய பதில்கள்தான். இளம் ஆய்வாளராயின் ‘அக்கா எண்டே கூப்பிடும்’ என்று முதலே சொல்லலாம். திருப்பி அழைக்க யாழ்ப்பாணத்தில் நமக்கு ‘நீர்’ இருக்கிறது. ‘நீங்கள்’ என்றால் எட்டி நிற்கும். முதல் நாளே ‘நீ’ என்பது பொருந்தாது. ‘நீர்’ இடையில் நிற்கிறது, பதினேழு வயதுப் பிள்ளையை மதித்து, அருகிலும் வைக்கிறது.

என்ன கேட்பது

‘நட்பு என்றால் உமக்கு என்ன?’ என்று தொடங்குபவர்களுக்குக் கட்டுரை கிடைக்கும். ஆறாம் தரம் தொட்டு எழுதிப் பழகிய கட்டுரை: உயிர் காப்பான் தோழன், இடுக்கண் களைவது நட்பு. குறளில் நட்புக்கும் அதைச் சார்ந்தவற்றுக்கும் 79 முதல் 83 வரை ஐந்து அதிகாரங்கள் இருக்கின்றன. அவற்றில் ‘பழைமை’ என்ற அதிகாரம் நீண்டநாள் நட்பின் உரிமை பற்றியது, எங்கள் கேள்விக்கு மிக நெருக்கமானது. ஆனால் மாணவி தன் வாழ்க்கையைச் சொல்லுமுன் அந்தச் செல்வத்தைக் கொட்டிவிட்டால், பிறகு அவள் தன் நட்பை அதற்கு ஏற்றபடி திருத்திச் சொல்வாள்.

ஆகவே நேற்றிலிருந்து தொடங்குங்கள். ‘நேற்று இடைவேளைக்கு ஆரோட இருந்தனீர்?’ பிறகு ஒரு தாளில் மூன்று வட்டங்கள், ஒன்றுக்குள் ஒன்றாக. 1980இல் கானும் அன்ரனூச்சியும் சமூக உறவுகளை வரைவதற்குப் பயன்படுத்திய முறை இது. நடுவில் அவள், மிக நெருக்கமானவர்கள் உள்வட்டத்தில். பெயர் வேண்டாம், ஒரு எழுத்து போதும். அதே தாளின் மறுபக்கத்தில் பதினோராம் தரத்தில் இருந்த வட்டத்தை வரையச் சொல்லுங்கள். இரண்டு பக்கத்தையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கும்போது, ஒரு எழுத்து உள்வட்டத்திலிருந்து வெளிவட்டத்துக்கு நகர்ந்திருக்கும். கேள்வியை அங்கேயே வையுங்கள்: ‘இந்த ‘க’ இங்க இருந்து இங்க வந்த கதையைச் சொல்லும்.’

‘ஏன்?’ என்ற சொல்லை முதல் அரைமணிக்கு விலக்கி வையுங்கள். எங்கள் பிள்ளைகளுக்கு ‘ஏன்’ என்பது பிந்தி வந்தால் ஒழுக்காற்று ஆசிரியர் கேட்பது; நியாயம் சொல்லத் தொடங்கிவிடுவார்கள். ‘பிறகு?’, ‘அப்ப நீர் என்ன செய்தனீர்?’, ‘அண்டைக்கு எங்க நிண்டனீங்கள்?’ போதும். அதோடு மௌனம். நான்கு ஐந்து விநாடி பேசாமல் இருப்பது கடினம், பழகித்தான் வரும். புதியவர்கள் இரண்டாவது விநாடியிலேயே அடுத்த கேள்வியைப் போட்டு, வர இருந்ததை மூடிவிடுகிறார்கள்.

எழுத்தில் ஏற்றும்போது தொலைவது

எங்கள் கருத்தில் அதிக சேதம் நடப்பது இங்கேதான். ஒரு மணி நேரப் பதிவைக் கவனமாக எழுத 6 முதல் 8 மணி நேரம் எடுக்கும். அலுப்பில் ஆய்வாளர் ‘நல்ல தமிழுக்கு’ மாற்றி எழுதத் தொடங்குகிறார். அல்லது அறிக்கை ஆங்கிலத்தில் என்பதால் நேரே மொழிபெயர்த்து எழுதுகிறார். இந்தப் பகுதியைப் பாருங்கள். அடைப்புக்குள் உள்ள எண் மௌனத்தின் விநாடிகள்.

நேர்காண்பவர்: பிறகு அவவ எப்ப கண்டனீர்?

மாணவி: ரியூசன் வாசல்ல. நான் உள்ள போறன், அவ வெளிய வாறா. (2) சைக்கிள நிப்பாட்டேல்ல. கையக் காட்டினவ. நானும் காட்டினன்.

நேர்காண்பவர்: ம்ம். (4)

மாணவி: கோவமெண்டு இல்ல. மற்றவவோடதான் நான் கதைக்கிறேல்ல. இவவோட அப்பிடி இல்ல, அண்டைக்குக் கதைக்கேல்ல, அவ்வளவுதான். (3) கதைக்கிறதுக்கு ஒண்டும் இல்ல அக்கா. முந்தி ஒரே வாங்கு. இப்ப அவ சொல்ற சேர் ஆரெண்டே எனக்குத் தெரியாது.

முதல் ஆய்வாளர் இதை இப்படி ஏற்றினார்: ‘எனக்கு அவளுடன் கோபம் இல்லை. மற்றவளுடன் பேசவில்லை. இவளுடனும் அன்று பேசவில்லை, பேச ஒன்றும் இல்லை.’ இலக்கணப் பிழை இல்லை. ஆனால் மூன்று வேறு நிலைகள் ஒரே ‘பேசவில்லை’ ஆகிவிட்டன. ‘கதைக்கேல்ல’ என்பது நடந்து முடிந்த ஒரு நாளின் செய்தி. ‘கதைக்கிறேல்ல’ என்பது உறவின் நிலை. இருவருக்கும் தெரிந்த, ஊருக்கும் தெரிந்த கோபம். அதற்கு ஒரு தொடக்க நாள் உண்டு, தூது போகும் மூன்றாவது சிநேகிதி உண்டு, சமாதானம் ஆகும் வழியும் உண்டு. அந்த நட்பு நோவோடு உயிரோடிருக்கிறது. ‘கதைக்கிறதுக்கு ஒண்டும் இல்ல’ என்பதில் கோபமும் இல்லை, தூதும் இல்லை. யாரும் குற்றம் செய்யாதபடியால் யாரும் மன்னிக்கவும் முடியாது. மாணவியின் துயரம் அந்த மூன்றாவதில் இருக்கிறது. இந்த வேறுபாட்டைச் சொல்ல அவளுக்கு நம் பேச்சுத் தமிழே கருவி தந்திருக்கிறது. ‘நல்ல தமிழ்’ அதைப் பறித்துவிட்டது.

ஆகவே, பேசியபடியே எழுதுங்கள். பகுப்பாய்வை அந்த எழுத்திலேயே செய்யுங்கள். மொழிபெயர்ப்பு அறிக்கையில் சேர்க்கும் மேற்கோள்களுக்கு மட்டும், கடைசியில். எழுத்துக்கூட்டலுக்கு ஒரு பக்க ஒழுங்குமுறை வைத்திருங்கள். ‘கதைக்கேல்ல’, ‘கதைக்கேல்லை’, ‘கதைக்கயில்லை’ என்று மூன்று விதமாக எழுதினால் கணினியில் தேடும்போது மூன்றில் ஒன்றுதான் அகப்படும். தட்டச்சு யூனிகோடில் இருக்க வேண்டும். பாமினி எழுத்துருவில் அடித்த கோப்பை, உரைகளைக் குறியிட உதவும் மென்பொருள்களான என்விவோவிலோ, இலவசமாகக் கிடைக்கும் டாகெற்றிலோ ஏற்றினால் வெறும் ஆங்கில எழுத்துக் குப்பையாகத்தான் தெரியும்.

குறியீடு

கருப்பொருள் பகுப்பாய்வுக்கு வேர்ஜீனியா பிரவுணும் விக்டோரியா கிளார்க்கும் 2006இல் வகுத்த ஆறு கட்டங்களே இன்று பெரும்பாலோர் பின்பற்றுவது: தரவோடு பழகுதல், குறியிடுதல், கருப்பொருள்களை உருவாக்குதல், மீளாய்தல், வரையறுத்துப் பெயரிடுதல், எழுதுதல். படிக்கட்டுப் போல ஏறி முடிக்கும் கட்டங்கள் இவை என்று நினைப்பதுதான் பிழை; நான்காவதிலிருந்து இரண்டாவதுக்குத் திரும்புவது வழக்கமான வேலை.

முதல் சுற்றில் மேலுள்ள பகுதிக்கு விழுந்த குறியீடு ஒன்றே ஒன்று: ‘தொடர்பு குறைதல்’. அது குறியீடாகாது, கோப்பு உறையின் தலைப்பு. குறியீட்டை மட்டும் வாசித்தால் அந்த இடத்தில் என்ன நடக்கிறது என்று தெரிய வேண்டும். இரண்டாம் சுற்றில் வந்தவை: ‘சைக்கிளை நிறுத்தாமல் கைகாட்டிப் போதல்’, ‘கோபம் இல்லையென்று தானாகவே மறுத்தல்’, ‘இரண்டு வகை மௌனத்தைப் பிரித்துச் சொல்லுதல்’, ‘வாங்கை நெருக்கத்தின் அளவாக வைத்தல்’, ‘பொதுவான ஆட்கள் இல்லாமல் கதை வற்றுதல்’. கடைசிக் குறியீடு ‘அவ சொல்ற சேர் ஆரெண்டே தெரியாது’ என்ற வரியிலிருந்து வந்தது. ஆசிரியரைப் பற்றிய புதினம்தான் அன்றாடக் கதையின் பாதி. அது போனால் பேச என்ன இருக்கும்?

இரண்டு ஆய்வாளர்களும் முதல் மூன்று நேர்காணல்களைத் தனித்தனியே குறியிட்டார்கள். இருவரின் குறியீடுகளும் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று காட்டும் கப்பா அளவைக் கணக்கிடவில்லை. முன்கூட்டியே குறியீட்டுப் பட்டியல் வைத்துச் செய்யும் முறைக்கு அது பொருந்தும். இங்கே இருவரும் வேறாகப் பார்த்த இடங்களே பயனுள்ளவை. அப்படி ஓர் இடம்: ‘அம்மா அங்க போகவேண்டாமெண்டவ’ என்று ஒரு மாணவி ஒரு சிநேகிதியின் வீட்டைப் பற்றிச் சொல்லி நிறுத்திவிட்டாள். ஒருவர் ‘சாதி’ என்று குறியிட்டார். மற்றவர் ‘தூரம்’ என்றார். இரண்டுக்கும் உரையில் ஆதாரம் இல்லை. ‘காரணம் சொல்லாத தடை’ என்று வைத்து, இரண்டாவது சந்திப்பில் ‘அம்மா சொன்னதுக்குப் பிறகு நீங்கள் ரெண்டு பேரும் எங்க சந்திச்சனீங்கள்?’ என்று மட்டும் கேட்டார்கள். காரணத்தைப் பிடுங்கி எடுக்கவில்லை. நம் ஊரில் சொல்லாமல் விடுவதும் ஒரு கூற்று. அதை அப்படியே மதித்துப் பதிவது ஆய்வாளரின் கடமை.

கருப்பொருளும் கலைந்தவையும்

குறியீடுகளைச் சிறு காகிதத் துண்டுகளில் எழுதி நிலத்தில் பரப்பிச் சேர்ப்பது, திரையில் இழுத்துப் போடுவதைவிட நன்றாகவே வேலை செய்கிறது. முதலில் பெரிய குவியலாக வந்தது ‘வெளிநாடு’. பத்துப் பேரில் ஏழு பேரின் பேச்சில் கனடாவோ லண்டனோ வந்தது. ஏழு பேர் சொன்னதால் கருப்பொருள் என்று நினைத்தார்கள். ஆனால் ஒருத்திக்கு அது போய்விட்ட தோழி, இன்னொருத்திக்கு மாமா அனுப்பிய கைப்பேசி, இன்னொருத்திக்குத் தான் போகப்போவதால் யாரோடும் ஒட்டாமல் இருப்பது. இவற்றை ஒன்றாகக் கட்டும் கருத்து இல்லை. கருப்பொருளை முழு வாக்கியமாகச் சொல்லிப் பாருங்கள். வாக்கியம் வரவில்லையென்றால் உங்களிடம் இருப்பது தலைப்பு. ‘வெளிநாடு’ கலைக்கப்பட்டு, துண்டுகள் வேறு குவியல்களுக்குப் போயின.

நின்றது இது: ‘பாடப்பிரிவு மாறியபோது நட்பு முறியவில்லை, சண்டை பிடிக்கவும் நேரமில்லாமல் வற்றியது.’ இதை ஒரு எதிர்நிகழ்வு திருத்தியது. ஒரு சோடி, ஒருத்தி கலை, மற்றவள் கணிதம், உள்வட்டத்திலேயே இருந்தார்கள். பாடப்பிரிவுதான் காரணமென்றால் இது நடந்திருக்கக் கூடாது. திரும்ப வாசித்தபோது தெரிந்தது, இருவரும் ஒரே வழியால் சைக்கிளில் போகிறவர்கள், தினம் 20 நிமிடம். அப்போது மற்ற உரைகளிலும் ‘வழி’, ‘சேர்ந்து போறது’, ‘பஸ்’ வந்த இடங்களை மறுபடி பார்த்தார்கள். கருப்பொருளின் பெயர் மாறியது: ‘சேர்ந்து போகும் வழி இருக்கும்வரை கதை இருக்கும்.’ எதிர்நிகழ்வை அடிக்குறிப்பில் ஒதுக்கியிருந்தால் இது கிடைத்திராது.

இரண்டாவது கருப்பொருள் பிரியாதவர்களைப் பற்றியது: ‘ஒரே பிரிவில் இருக்கும் தோழிக்கு எதைக் கொடுப்பது என்பதில் கணக்கு வந்துவிட்டது.’ நோட்ஸ் கொடுக்கிறார்கள், ஆனால் ஒரு நாள் பிந்தி. கடந்தகால வினாத்தாள் கொடுக்கிறார்கள், விடை எழுதிய பிரதியை வைத்துக்கொள்கிறார்கள். இதைப் பொறாமை என்று எழுதிவிடுவது எளிது, அநியாயமும்கூட. கலை தவிர்ந்த பெரும்பாலான கற்கைநெறிகளுக்குப் பல்கலைக்கழக அனுமதி இசட் புள்ளியில் (தரப்படுத்திய உயர்தரப் பரீட்சைப் புள்ளி), 40 வீதம் அகில இலங்கைத் திறமையிலும், 55 வீதம் மாவட்ட ஒதுக்கீட்டிலும், 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்குமாகப் பகிரப்படுகிறது. கொழும்பில் இருக்கும் முகமறியாத மாணவியோடல்ல, பக்கத்து வாங்கில் இருக்கும் தோழியோடுதான் யாழ் மாவட்டத்து இடங்களுக்குப் போட்டி. பேச்சுக்கு வெளியே இருக்கும் இந்த ஏற்பாட்டைத் தெரிந்து வைத்திருந்தால்தான் ‘ஒரு நாள் பிந்திக் குடுத்தனான்’ என்ற வரியின் பாரம் தெரியும்.

மூன்றாவது கருப்பொருள் கிடைக்கவில்லை. இரண்டோடு நிறுத்தினார்கள். பத்து உரைகளில் உறுதியாக நிற்கும் இரண்டு போதும்.

எழுதும்போது

மேற்கோளில் பெயரை மாற்றினால் போதும் என்று நினைக்காதீர்கள். வாசகர் யாழ்ப்பாணம் முழுவதும் அல்ல, அந்த வகுப்பு. ‘தீவகத்திலிருந்து பஸ்ஸில் வரும் ஒரே கணிதப் பிரிவு மாணவி’ என்று எழுதினால் புனைபெயர் ஒன்றையும் மறைக்காது. அதைவிட, பேசப்படும் சிநேகிதி சம்மதப் படிவத்தில் கையொப்பம் இடவில்லை. தன்னைப் பற்றிய வரியை அவள் அடையாளம் காண்பாள். ஆகவே ஒரு சோடியின் இரு பக்கத்தையும் ஒரே பக்கத்தில் வைக்காதீர்கள். ஊரையும் பாடப்பிரிவையும் ஒரே மேற்கோளில் சேர்க்காதீர்கள். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும் இலங்கையில் இருக்கிறது. பெயரும் இலக்கமும் இணைந்த பட்டியலை உரைகளிலிருந்து பிரித்து, பூட்டி, எப்போது அழிப்பது என்ற திகதியோடு வையுங்கள்.

இந்த நிகழ்வில் மிக வலிமையான மேற்கோள் ‘அம்மா அங்க போகவேண்டாமெண்டவ’ என்பதன் தொடர்ச்சி. இரண்டாவது சந்திப்பில், இருவரும் எங்கே சந்திக்கிறார்கள் என்று மாணவி சொன்னாள். அந்த இடத்தின் பெயர் வெளிவந்தால் அந்தச் சந்திப்பு நின்றுபோகும். அறிக்கையில் அந்த வரி இல்லை. ‘இருவரும் சந்திக்க ஓர் இடம் வைத்திருக்கிறார்கள்’ என்று மட்டும் இருக்கிறது.